பெயர் இல்லாத இடம்

வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை வந்துவிடும். "பாலியல் கல்வி என்று பள்ளிக்கூடத்தில் அசிங்கமெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள், கடிதம் எழுதிப் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து எடுங்கள்" என்று யாராவது ஆரம்பிப்பார். இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் தமிழர்களுக்கு இது புதிதல்ல. இந்த முறை நானும் வாயைத் திறந்துவிட்டேன். அங்கே எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

கடிதம் எழுதச் சொல்பவர்களில் பலர் விதியைப் படித்ததே இல்லை. 2020 செப்டம்பரிலிருந்து இங்கே தொடக்கப் பள்ளிகளில் கட்டாயமானது உறவுகள் பற்றிய கல்விதான். பாலியல் கல்வி மேல்நிலைப் பள்ளியில்தான் கட்டாயம். தொடக்கப் பள்ளியில் அதை நடத்தினாலும், வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால் பள்ளி அந்தப் பிள்ளையை விட்டுவிட வேண்டும். அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் உடல்நலக் கல்வியும் உண்டு. பருவமடைதல், மாதவிடாய் எல்லாம் அதில் வரும், அதிலிருந்து பிள்ளையை எடுக்க முடியாது. முடியக் கூடாது என்பதுதான் என் கட்சியும். வகுப்பில் ஒன்பது வயதிலேயே வயதுக்கு வந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் தடவை இரத்தத்தைப் பார்த்ததும் ஏதோ நோய் வந்துவிட்டது என்று அந்தக் குழந்தை பயந்து அழ வேண்டுமா?

ஆனால் என்னை மாற்றியது விதி இல்லை. மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, இந்தப் பாடம் தொடங்குமுன் அதன் ஸ்லைடுகளைக் காட்டப் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்தார்கள். உடல் உறுப்புகளின் பெயர்கள் ஒரு ஸ்லைடில் இருந்தன. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. எனக்குக் காது சூடானது. அதில் பாதிக்குத் தமிழில் என் மகளிடம் நான் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை.

யோசித்துப் பாருங்கள். பையன் உறுப்புக்காவது வீட்டில் செல்லப் பெயர் ஒன்று இருக்கும். பெண் குழந்தைக்கு? "அங்கே", "கீழே", இல்லாவிட்டால் "ஷேம் ஷேம்". நம்மிடம் இருக்கும் மற்ற சொற்கள் ஒன்று தெருவில் திட்டுவதற்கு, இல்லை பாடப் புத்தகத்தில் அச்சடிப்பதற்கு. ஒரு குழந்தையை யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டால், அவள் வந்து என்ன சொல்வாள்? "மாமா என் ஷேம் ஷேமைத் தொட்டார்" என்றா? வெட்கப்பட வேண்டியது என்று நாமே பெயர் வைத்த இடத்தைப் பற்றி அவள் எப்படி வாயைத் திறப்பாள்? அப்படியே திறந்தாலும், கேட்கிற ஆசிரியருக்குப் புரிய வேண்டாமா?

அப்புறம் இன்னொன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று பிள்ளையைத் தள்ளுவோம். நானும் தள்ளியிருக்கிறேன். பிள்ளை பின்னால் ஒளிந்தால் "என்ன வெட்கம்" என்று சிரிப்போம். உன் உடம்பு உன்னுடையது, வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைப் பள்ளிதான் அவளுக்குச் சொன்னது. அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடமே "எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள். முதலில் கோபம்தான் வந்தது.

வகுப்பிலிருந்து எடுத்துவிட்டால் பிள்ளைக்கு எதுவும் தெரியாமல் போய்விடுமா? வகுப்பில் உட்கார்ந்திருந்த முப்பது பேரும் அடுத்த இடைவேளையில் விளையாட்டு மைதானத்தில்தான் இருப்பார்கள். ஆசிரியர் சொன்னது போய்விடும், பக்கத்துப் பையன் சொன்னது மட்டும் வந்து சேரும். மீதியைக் கைபேசி சொல்லிக் கொடுக்கும். சுவீடனில் 1955லேயே பாலியல் கல்வியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அந்த நாடு ஒன்றும் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடவில்லை.

எனக்கும் குறைகள் உண்டு. கணக்கு வாத்தியாரைக் கொண்டுவந்து நிற்கவைத்து, ஒரு மணி நேரத்தில் ஸ்லைடைத் தள்ளிவிட்டுப் போகச் சொன்னால் அது பாடமே இல்லை. பயிற்சி இல்லாத ஆசிரியர் நெளிந்தால் பிள்ளைகளும் நெளிவார்கள். "வயதுக்கு ஏற்றதா?" என்று பெற்றோர் கேட்பதும் நியாயம்தான், கேட்க வேண்டும். ஆனால் அதைப் பள்ளியில் போய்க் கேளுங்கள். அன்று ஸ்லைடு பார்க்க வந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். தமிழ் முகம் என்னுடையது மட்டும். குழுவில் கொதித்தவர்கள் ஒருவர்கூட வரவில்லை.