இரண்டாம் முறை நெஞ்சைத் திறந்தால் பிழைக்க மாட்டார்களா?

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "மகாதமனியில் ஒருமுறை ஆபரேஷன் ஆனவருக்கு மறுபடி கத்தி வைத்தால் உயிர் தங்காது." மகாதமனி என்பது இதயத்திலிருந்து உடல் முழுக்க ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். பதிவு சொல்வது தவறு.

இரண்டாவது அறுவை கடினமானது, அது நிஜம். பழைய தழும்பால் இதயமும் மகாதமனியும் நெஞ்செலும்பின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும். எலும்பை அறுக்கும்போதே குழாய் கிழியலாம். அதனால்தான் முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுத்து, எலும்புக்கும் குழாய்க்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்கிறார்கள். குறைவாக இருந்தால், தொடை இடுக்கிலோ தோளருகிலோ உள்ள தமனி வழியாக இதயம், நுரையீரலின் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் இயந்திரத்தை இணைத்துவிட்டு, அப்புறம்தான் நெஞ்சைத் திறப்பார்கள்.

அனுபவமுள்ள மையங்களில் திட்டமிட்டுச் செய்யும்போது 100 பேரில் சுமார் 90 பேர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். முதல் ஆபரேஷனில் மகாதமனிக்குப் பதிலாக வைத்த செயற்கைக் குழாயில் கிருமித்தொற்று இருந்தாலோ, மகாதமனி கிழிந்தபின் அவசரமாகச் செய்தாலோ ஆபத்து வெகுவாகக் கூடும். பதிவை நம்பித் தள்ளிப்போடுகிறவர்கள் கடைசியில் அந்த அவசர நிலையில்தான் வந்து நிற்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான்.

தொடர் ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். மதுரைக்கோ சென்னைக்கோ போக நேர்ந்தால் பழைய ஆபரேஷன் குறிப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன அளவுக் குழாய், எந்த வால்வு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.