பாட்டு உலகம் சுற்றியது, பாடியவர் வங்கி வேலைக்குப் போனார்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க், ஜமைக்காவின் ரெகே என்ற இசைவகைகளின் பழைய பாடகர்களைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. அருமையான குரல், இரண்டு மூன்று பாட்டு, அப்புறம் ஆளையே காணோம். முப்பது நாற்பது வருஷம் கழித்து இசைத்தட்டு சேகரிக்கும் யாரோ ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கிறார். மறுபடி மேடை, கைதட்டல், கண்ணீர். கடைசியில், 'அன்றைக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை' என்று ஒரு வரி.

அந்த வரியைப் படித்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இவர்களில் பலருடைய பாட்டு ஓடியது, நன்றாகவே ஓடியது. அதில் வந்த பணம்தான் பாடியவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை. வாடகை கட்ட வேண்டியவர் என்ன செய்வார்? சம்பளம் வரும் வேலைக்குப் போவார். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது?

ஆல்டன் எல்லிஸை எடுத்துக்கொள்வோம். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், ட்ரென்ச் டவுன் பகுதியில் வளர்ந்த பாடகர். 1960-களின் நடுவில் ஜமைக்காவில் ஸ்கா என்ற துள்ளல் இசையின் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி என்ற இசைவகை பிறந்தது. ட்ரம்ஸ் நிதானமானது, பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்தது, பாடுகிறவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அந்த இடத்தை எல்லிஸ் மாதிரி ஆண்டவர் யாருமில்லை என்பது என் அபிப்பிராயம். 1967-ல் கோக்ஸன் டாட் நடத்திய ஸ்டூடியோ ஒன்னில் அவர் பதிவு செய்த 'ஐம் ஸ்டில் இன் லவ் வித் யூ'வைக் கேளுங்கள். காதலில் தோற்றவன் பாடுகிற பாட்டு. ஆனால் அழுது தீர்ப்பதில்லை. வரியை நிமிர்ந்து தொடங்குகிறார், முடிக்கும்போது குரல் லேசாக இளகுகிறது. அவ்வளவுதான் செய்கிறார், நமக்குத் தொண்டை அடைக்கிறது.

பத்து வருஷம் கழித்து ஜோ கிப்ஸ் என்ற தயாரிப்பாளர் அந்தப் பாட்டின் ரிதிமைப் புதிதாக வாசிக்க வைத்தார். ரிதிம் என்று ஜமைக்காக்காரர்கள் சொல்வது பேஸும் ட்ரம்ஸும் சேர்ந்த அடித்தளத்தை. அதன்மேல் மார்சியா எய்ட்கின் அதே பாட்டைப் பாடினார். ட்ரினிட்டி அதே ரிதிமின் மேல் பேச்சுப்பாட்டு ஒன்றைப் போட்டார். அதற்குப் பதில் சொல்வதுபோல அல்தியா, டோனா என்ற இரண்டு இளம்பெண்கள் 'அப்டவுன் டாப் ராங்கிங்' பாடினார்கள். 1978 பிப்ரவரியில் அது பிரிட்டன் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம். எல்லிஸ் அதற்குச் சில வருஷம் முன்பே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்திருந்தார். தான் வாழும் நாட்டின் வானொலியிலேயே தன் பாட்டின் எலும்பும் சதையும் வேறு பெயரில் ஓடுவதைக் கேட்டிருப்பார். பிறகு ஜமைக்கக் கலைஞர்கள் ஷான் பாலும் சாஷாவும் அதே பாட்டைப் பாட, 2004-ல் அமெரிக்கா வரைக்கும் மறுபடி ஹிட். எல்லிஸ் 2008 அக்டோபரில் லண்டனில் புற்றுநோயால் இறந்தார். மெட்டு தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆளைத் தெரியும் என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இது எப்படி நடந்தது என்பதற்கு அன்றைய கிங்ஸ்டன் நடைமுறையைப் பார்க்க வேண்டும். ஸ்டூடியோ வைத்திருந்தவர்தான் முதலாளி. இசைக்கலைஞர்களுக்குக் கூலி, தட்டு அச்சடிக்கும் செலவு, விற்பனை எல்லாம் அவர் பொறுப்பு. பாடகருக்குப் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு ஒரு தொகை. அதோடு கணக்கு முடிந்தது. பதிவு முதலாளியுடையது, பல சமயம் பாட்டின் உரிமையும் அவருடையதே. ஸ்டூடியோ ஒன்னில் பாடிய பலருக்கும் ராயல்டி, அதாவது விற்பனையில் வர வேண்டிய பங்கு, விஷயத்தில் கடைசிவரை மனக்குறை இருந்தது, எல்லிஸ் உட்பட. நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை, ஆனால் அது 1911-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டம்! ஜமைக்கா தனக்கென்று ஒரு நவீனச் சட்டம் கொண்டுவந்தது 1993-ல்தான். ராக்ஸ்டெடி முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

டாடை வில்லனாக மட்டும் காட்டவும் எனக்கு மனமில்லை. பெயர் தெரியாத பையன்களுக்கும் பெண்களுக்கும் கதவைத் திறந்து மைக் முன்னால் நிறுத்தியவர் அவர். அந்தக் கதவு இல்லையென்றால் இந்தக் குரல்கள் பதிவே ஆகியிருக்காது. ஆனால் கதவைத் திறந்ததற்கான விலையை ஒருவர் ஆயுள் முழுக்கவா கட்ட வேண்டும்?

எனக்கு எல்லாரையும்விடப் பிரியமானவர் பாடகி ஃபில்லிஸ் டில்லன். ஜமைக்காவில் லின்ஸ்டெட் என்ற சிற்றூரில் பிறந்தவர். ட்ரினிடாடிலிருந்து வந்த கிட்டார் கலைஞர் லின் டெய்ட் இவரை ஒரு கிளப்பில் கேட்டுவிட்டு ட்யூக் ரீடிடம் அழைத்துப் போனார். ரீட் முன்னாள் போலீஸ்காரர், மதுக்கடை முதலாளி. கிங்ஸ்டன் பாண்ட் தெருவில் கீழே கடை, மேலே மரத்தால் கட்டிய ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோ. இடுப்பில் துப்பாக்கியோடு பதிவைக் கவனிப்பாராம். அந்த மரக்கூடத்தில் டில்லன் பாடிய 'டோன்ட் ஸ்டே அவே' எனக்கு ராக்ஸ்டெடியின் உச்சம். குரலில் எங்கும் அலட்டல் இல்லை. விலகி இருக்காதே என்று சொல்கிற பாட்டு, ஆனால் கெஞ்சுகிற தொனி கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

1967 வாக்கில் டில்லன் நியூயார்க் போய்விட்டார். அங்கே குடும்பம், வங்கியில் வேலை. இடையிடையே விமானம் ஏறி கிங்ஸ்டன் வந்து ரீடுக்குப் பாடிவிட்டுத் திரும்பினார். இப்படி நாலைந்து வருஷம் ஓட்டினார். 1971-க்குப் பிறகு பாட்டையே விட்டுவிட்டார்.

இதைத்தான் 'சோக முடிவு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றும் வேலையை ஒரு பெண் தேர்ந்தெடுத்ததில் என்ன சோகம்? வங்கி அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது. பாட்டுத் தொழில் அப்படி ஒரு நிச்சயத்தை அவருக்குக் கொடுத்ததா? வெட்கப்பட வேண்டியது அந்தத் தொழில்தான். 1991-ல் கிங்ஸ்டனில் பழைய பாட்டு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது மறுபடி மேடை ஏறினார், பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் என்று போய்ப் பாடினார். 2004-ல் காலமானார், வயது 59.

இன்னொரு ஜமைக்கப் பாடகி டான் பென்னின் கதை கொஞ்சம் சிக்கலானது. பதின்பருவத்தில், அதே 1967-ல், ஸ்டூடியோ ஒன்னில் 'யூ டோன்ட் லவ் மீ' பாடினார். பிறகு வர்ஜின் தீவுகளுக்குப் போய்ப் பதினேழு வருஷம் இசைப் பக்கமே வரவில்லை. ஊர் திரும்பியபின், 1990-களின் தொடக்கத்தில் தயாரிப்பாளர்கள் ஸ்டீலி, கிளீவி இருவரோடும் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தார். 1994-ல் பிரிட்டனில் மூன்றாம் இடம். ஆனால் அந்தப் பாட்டின் வேர் அமெரிக்க ப்ளூஸில் இருக்கிறது. வில்லி காப்ஸ் பாடியது, அதற்கும் முன்னால் போ டிட்லியினுடையது. அதனால் அவர்கள் பெயரும் பாடலாசிரியர் வரிசையில் சேர்ந்தது. அது நியாயம், எனக்கு அதில் மறுப்பில்லை. நான் கவனிப்பது வேறு. உரிமை கேட்க ஒரு சட்டமும், பாட்டுரிமையைக் கவனிக்கும் ஒரு பதிப்பகமும் பின்னால் இருந்தால், முப்பது நாற்பது வருஷம் ஆனாலும் பெயர் திரும்பி வருகிறது.

ஆனால் அமெரிக்காவிலும் அந்தச் சட்டத்தில் ஓட்டை இருந்தது. சிகாகோ பாடகர் சில் ஜான்சனின் கதையைக் கேளுங்கள். 1967-ல் 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்', 1969-ல் 'இஸ் இட் பிகாஸ் ஐம் பிளாக்'. எழுபதுகளில் மெம்ஃபிஸின் ஹை ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் இருந்தார். அங்கே பாடகர் அல் கிரீன்தான் ராஜா, அதனால் இவர் எப்போதும் இரண்டாம் வரிசை. எண்பதுகளில் பாட்டைக் குறைத்துக்கொண்டு மீன் வறுவல் கடைகள் நடத்தினார். பிறகுதான் தெரிகிறது, ஹிப்ஹாப் கலைஞர்கள் தன் பழைய தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று. அவர் வக்கீலை வைத்தார், ஒவ்வொருவராகக் கேட்டார். பலர் கொடுத்தார்கள். ஆனால் சைப்ரஸ் ஹில் என்ற ஹிப்ஹாப் குழு மேல் போட்ட வழக்கில் 2011-ல் தோற்றார். காரணம், 1972 பிப்ரவரி 15-க்கு முன்னால் பதிவான ஒலிக்கு அமெரிக்க மத்தியக் காப்புரிமைச் சட்டத்தில் அப்போது இடமே இல்லை. சோல், ஃபங்கின் பொற்காலத்தில் பெரும்பகுதி அந்தத் தேதிக்கு முந்தியது! 2018-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜான்சன் 2022 பிப்ரவரியில் இறந்தார், அண்ணன் ஜிம்மி ஜான்சன் இறந்து ஒரு வாரத்துக்குள்.

தாமதமாகப் புகழ் பெற்ற அமெரிக்க சோல் பாடகர்கள் ஷரன் ஜோன்ஸ், சார்ல்ஸ் பிராட்லி கதைகள் ஓரளவு எல்லாருக்கும் தெரிந்தவை. ஜோன்ஸ் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு சிறையில் காவலராக இருந்தவர், முதல் ஆல்பம் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். பிராட்லி சமையல்காரர். 2011-ல் முதல் ஆல்பம், வயது 62. 2017-ல் போய்விட்டார். 'எப்போது வந்தால் என்ன, வந்தாரே' என்று அவரைப் பற்றி எழுதுகிறார்கள். என்னால் அதில் சந்தோஷப்பட முடியவில்லை. முப்பது வயதில் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்பது நமக்குக் கிடைக்கவே இல்லை.

இந்தப் பாட்டுகளைப் பகிர்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடியவர் பெயர், வருஷம், ஸ்டூடியோ, முடிந்தால் வாசித்தவர்கள் பெயர், இவற்றையும் சேர்த்துப் போடுங்கள். மறுபதிப்பு இசைத்தட்டு வாங்குகிறவர்கள், பாடகருக்கோ குடும்பத்துக்கோ பங்கு போகிறதா என்று அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் சொல்கிற நிறுவனங்களின் பெயரைக் கமென்டில் எழுதுங்கள், நானும் அவர்களிடமே வாங்கிக்கொள்கிறேன்.