ஃபெரட்டும் கீரியும் ஒன்றா?

"வெளிநாட்டுக் காப்பகங்களில் தத்துக் கொடுக்கும் ஃபெரட் நம்ம ஊர்க் கீரிதான், குட்டியைப் பிடித்து வளர்க்கலாம்" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ஃபெரட், மரநாய்போல நீண்ட உடம்புள்ள ஐரோப்பியப் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து வந்தது. முயல் வேட்டைக்காக மனிதர் சுமார் 2,000 ஆண்டுகளாகப் பழக்கிய வீட்டு விலங்கு. கீரி வேறு குடும்பம். பூனை, கழுதைப்புலிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

கீரி காட்டுயிர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சிறை வரை போகும். மேலூர்ப் பக்கத்துத் தோப்பில் பிடித்தாலும் சரி, சட்டம் அதேதான்.

சரி, அசல் ஃபெரட்டையே வாங்கலாமா? அதற்கு வெயில் ஆகவே ஆகாது. 30 டிகிரியைத் தாண்டினாலே வெப்பத்தாக்கு வரலாம்; மதுரை மே மாதமோ 40ஐ எட்டும். ஏசி அறை, இறைச்சி உணவு, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி எல்லாம் வேண்டும். எனக்கென்னவோ இந்த ஊருக்கு அது பொருந்தாது என்றே தோன்றுகிறது.

அடிபட்ட கீரிக்குட்டி கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.