தடுக்கத் தெரிந்த புற்றுநோய்க்கு ஏன் இத்தனை உயிர்கள்?

புற்றுநோய் குறித்த உலகக் கணக்குகளைப் படிக்கப் படிக்க மனம் மரத்துப்போகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 97 லட்சம் பேர் இறந்தார்கள். அந்தக் கணக்கில் எனக்குத் துக்கத்தைவிடக் கோபத்தை அதிகம் வரவழைப்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அதனால் அந்த ஓராண்டில் இறந்த பெண்கள் சுமார் 3.5 லட்சம், இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 80 ஆயிரம். இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். நோய்க்குக் காரணமான கிருமி எது என்று தெரியும், தடுப்பூசி இருக்கிறது, புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டுபிடிக்கப் பரிசோதனையும் இருக்கிறது. அப்படியும் இத்தனை பேர் சாகிறார்கள்.

எச்.பி.வி. என்னும் வைரஸுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1980களில் நிறுவிய ஜெர்மன் அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்திரேலியா 2007இலேயே தடுப்பூசியைத் தேசியத் திட்டமாக்கியது. பணக்கார நாடு, அதனால் முடிந்தது என்று சொல்வோருக்கு ருவாண்டாவைக் காட்டலாம். இனப்படுகொலையிலிருந்து மீண்டு வந்த அந்தச் சின்ன நாடு 2011இல் பள்ளிகள் வழியாகத் தொடங்கி, பத்தில் ஒன்பது சிறுமிகளுக்கு மேல் ஊசியைக் கொண்டுசேர்த்தது. இலங்கைகூட 2017இல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குத் தொடங்கிவிட்டது. நாம் தயங்கி நின்றோம். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் 2009இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டம், சில சிறுமிகள் இறந்ததையடுத்து 2010இல் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணைக் குழு சொன்னது உண்மை. பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டதும் உண்மை. ஏழைச் சிறுமிகளின் பெற்றோரைக் கேட்காமலே செய்துவிடலாம் என்ற அந்த அலட்சியம், நல்ல ஊசி ஒன்றின் பெயரைப் பல ஆண்டுகளுக்குக் கெடுத்தது. தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கான தடுப்பூசித் திட்டத்தை அறிவித்ததை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் இன்று 14 வயதுப் பெண்ணுக்குப் போடும் ஊசியின் பலன் சாவுக் கணக்கில் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அவளுடைய அம்மாவுக்கும் அத்தைக்கும் அந்த ஊசி பெரிதாக உதவாது. அவர்களைக் காப்பாற்றக்கூடியது பரிசோதனை ஒன்றுதான், அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

இதில் நமக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. நுண்ணோக்கி, ஆய்வகம் எதுவும் இல்லாமல் செவிலியர்களே செய்யும் எளிய பரிசோதனை உயிர் காக்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில்தான். மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையிலான அந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது: ஒரே ஒரு முறை பரிசோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சை அளித்ததில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாதில் ஒருமுறை செய்த, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. பரிசோதனை இறப்பை ஏறக்குறையப் பாதியாக்கியது. (அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்குப் பரிசோதனை செய்யாமல் விட்டது சரியா என்ற சர்ச்சை தனிப் பதிவுக்குரியது.) நம் கிராமத்துப் பெண்கள் தந்த இந்தச் சான்றுகள் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்ட 30-49 வயது இந்தியப் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழகத்தில் பத்தில் ஒருவர். மாநிலங்களில் இதுவே முதலிடம் என்பதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் செய்த அந்த எளிய பரிசோதனை அப்படியொன்றும் பெரிதல்ல. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், பஞ்சை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். இயல்பு மாறிய இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லாமலே செய்கிறார்கள். இருந்தும் பெண்கள் வருவதில்லை என்றால், அது அறியாமையால் மட்டுமல்ல. திரை சரியாக மூடாத அறை, 'இதெல்லாம் உனக்கு எதுக்கு' என்று கேட்கும் வீடு, போனால் அன்றைய கூலி போய்விடும் என்ற கணக்கு, உடலுறவால் பரவும் கிருமி என்றதும் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் ஊர் வாய் ஆகியவை சேர்ந்துதான் அவர்களைத் தடுக்கின்றன. உடலுறவு கொள்ளும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தக் கிருமி வந்துபோகிறது என்பதை எந்தச் சுவரொட்டியும் உரக்கச் சொல்வதில்லை.

எங்கள் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு, மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து மீண்டும் உதிரம் பட்டது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தவர், மருமகளிடம் வாய்திறந்தபோது அறுவைச் சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருந்தது. 'கரண்ட் வைக்கணும்', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை தர வேண்டும், என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அன்றாடம் பேருந்தில் போய் வந்த அந்த வாரங்களில் வலியைவிட அதிகமாக, 'எல்லோருக்கும் தொந்தரவு' என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கருத்தில், பெண்களை வரச் சொல்வதை விட்டுப் பரிசோதனையை அவர்களிடம் கொண்டுபோக வேண்டும். எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்ணே தன் வீட்டில், தன் கையால் எடுத்துத் தரலாம். உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 முதல் நடக்கிறது. அதில் வருபவர்களும் அதே ஊர்ப் பெண்களே. 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மாதிரி எடுக்கும் குச்சியையும் அவர்கள் கொடுத்து வாங்கலாம். கிருமி இருப்பதாகத் தெரிந்தவரை அடுத்த கட்டச் சோதனைக்கு யாராவது கூடவே அழைத்துப் போகவும் வேண்டும். சீட்டெழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் போகமாட்டார்கள். செலவாகும்தான். முற்றிய நோய்க்கு அரசுக் காப்பீட்டில் நாம் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கும் பணத்தோடு அதை ஒப்பிட்டு, சட்டமன்றத்தில் யாராவது கணக்குக் கேட்க வேண்டும்.