டியூடர் படங்களில் ராணிகளுக்குக் காதலைத் தவிர வேறு வேலையே கிடையாதா?

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரச குடும்பத்தைப் பற்றி எந்தப் படம் வந்தாலும் உடனே ஒரு கூட்டம் அந்தக் காலத்தில் இந்தத் துணி கிடையாது, இந்தத் தலை அலங்காரம் கிடையாது என்று கிளம்பிவிடும். எனக்கு அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. அஞ்சு வயதில் பிரான்சுக்குப் போய் அங்கேயே வளர்ந்த ஸ்காட்லாந்தின் மேரி ராணி, 2018இல் வந்த 'மேரி குயின் ஆஃப் ஸ்காட்ஸ்' படத்தில் சுத்தமான ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசுகிறாரா, பேசிவிட்டுப் போகட்டும். என் கோபம் வேறு. இந்தப் படங்கள் சொல்லும் பொய்களில் முக்கால்வாசி அரசியலைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் காதலை வைப்பதற்காகவே சொல்லப்படுகின்றன.

இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தைப் பற்றி 1998இல் வந்த 'எலிசபெத்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட் பிளான்செட் நடிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கதையில் காதலர் ராபர்ட் டட்லிக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனது தெரிந்து ராணி உடைந்துபோகிறார், அப்புறம் அதே டட்லி சதிகாரர்களோடு சேர்கிறார், அந்தத் துரோகத்தில்தான் அவர் மனம் கல்லாகி கன்னி ராணி ஆகிறார். உண்மையில் டட்லியின் கல்யாணம் 1550இல் எலிசபெத்தின் தம்பி, அன்றைய அரசர் ஆறாம் எட்வர்ட், நேரில் வந்து உட்கார்ந்திருந்த கல்யாணம். அதில் என்ன ரகசியம்? துரோகமும் கிடையாது. 1588இல் ஸ்பெயின் படையெடுப்பு பயம் இருந்தபோது டில்பரியில் படைக்குத் தலைமை தாங்கியதே அந்த மனிதர்தான். சில வாரங்களில் இறந்துபோனார். அவர் கடைசியாக எழுதிய கடிதத்தை ராணி சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தார். அதே படத்தில் ராணியின் மந்திரி வில்லியம் செசிலைத் தள்ளாத கிழவராகக் காட்டி ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எலிசபெத் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை, 1598இல் சாகும்வரை பதவியில் இருந்தார். நாற்பது வருஷம் ஒரு ராணியும் ஒரு மந்திரியும் சேர்ந்து நாட்டை ஓட்டியது கதையாகத் தெரியவில்லை போல.

'தி டியூடர்ஸ்' டிவி தொடர் கூத்து தனி. எலிசபெத்தின் அப்பா எட்டாம் ஹென்றியின் இரண்டு சகோதரிகளை ஒன்றாக்கி, மார்கரெட் என்று பெயர் வைத்து (மார்கரெட் உண்மையில் அக்கா!), போர்ச்சுகல் ராஜாவுக்குக் கட்டிவைத்து, அந்தக் கிழவரைத் தலையணையால் அமுக்கிக் கொல்லவும் வைத்தார்கள். நிஜ மார்கரெட் 1503இல் கட்டிக்கொண்டது ஸ்காட்லாந்து அரசரை. அவர் பேத்திதான் மேரி ராணி, பேத்தியின் மகன்தான் 1603இல் இங்கிலாந்துக்கும் அரசரான ஜேம்ஸ். அந்த அக்காவைத் தூக்கிவிட்டால் அடுத்த நூறு வருஷ வரலாறே நின்றுவிடும்.

2018 படத்துக்கு வருவோம். மேரியும் எலிசபெத்தும் ஒரு சலவைக் குடிசையில், தொங்கும் வெள்ளைத் துணிகளுக்கு நடுவே ரகசியமாகச் சந்திக்கிறார்கள். இருவரும் வாழ்க்கையில் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. இந்தக் கற்பனைச் சந்திப்பு மேடை நாடகக் காலத்திலிருந்தே வருகிறது, புதுசும் இல்லை. சினிமாதானே, ரெண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்தாமல் எப்படி எடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பார்க்காமலே இருந்ததில்தானே எல்லாம் இருக்கிறது. 19 வருஷம் மேரி இங்கிலாந்தில் காவலில் கிடந்து சந்திக்க வேண்டும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார், எலிசபெத் பிடி கொடுக்கவே இல்லை. 1586இல் மேரியின் ரகசியக் கடிதங்கள் பீர் பீப்பாய்க்குள் ஒளித்துப் போய்வருகின்றன. அந்த வழியை ஏற்பாடு செய்து ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டிருந்ததே எலிசபெத்தின் உளவுத் தலைவர் வால்சிங்ஹாமின் ஆட்கள். எலிசபெத்தைக் கொல்லும் சதிக்குத் தலையாட்டிய கடிதம் அதில் சிக்கித்தான் மேரிக்கு மரண தண்டனை. 1587 பிப்ரவரியில் எலிசபெத் ஆணையில் கையெழுத்துப் போடுகிறார், ஆலோசனைக் குழு அவரிடம் சொல்லாமலே அதை அனுப்பிவிடுகிறது, தலை விழுந்த பிறகு நான் அனுப்பச் சொல்லவே இல்லையே என்று ராணி குதிக்கிறார், ஆணையைக் கையில் வைத்திருந்த செயலாளர் டேவிசன் லண்டன் டவர் சிறைக்குப் போகிறார். இவ்வளவு இருக்கும்போது சலவைக் குடிசை எதற்கு?