ஜெர்மானியரும் கெல்ட்டுகளும் ஒரே இனமா?

“ஜெர்மானியரும் கெல்ட்டுகளும் ஒரே இனம், ஆங்கிலமும் ஜெர்மனும் பழைய கெல்டிக் மொழியின் கிளைகள், இவர்களைப் பிரித்துக் கதை கட்டியவர் ஜூலியஸ் சீசர்” என்றொரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கெல்ட்டுகள் என்போர் பழங்காலத்தில் ஐரோப்பாவின் மேற்கிலும் நடுவிலும் கெல்டிக் மொழிகள் பேசிய மக்கள். பதிவில் கால்வாசி உண்மை. மீதி தவறு.

உண்மையான பகுதி சீசரைப் பற்றியது. கி.மு. 50களில் எழுதிய அவர், ரைன் நதியை இரு மக்களுக்கும் எல்லையாகக் காட்டினார். நிலவரம் அவ்வளவு சுத்தமாக இல்லை. ரைனுக்கு மேற்கே வாழ்ந்த எபுரோனியர் என்ற குலத்தாரை ஜெர்மானியர் என்கிறார் அவரே. அவர்கள் தலைவன் அம்பியோரிக்ஸின் பெயரோ கெல்டிக்.

மொழி விஷயம் வேறு. ஜெர்மானியம், கெல்டிக் இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் தனித்தனிக் கிளைகள். ஒன்று மற்றொன்றின் பிள்ளை அல்ல. தந்தையைக் குறிக்கும் சொல்லையே பாருங்கள்: லத்தீனில் ‘பாட்டெர்’. இந்தக் குடும்பத்தின் மூலமொழியில் இருந்த முதல் ‘ப’ லத்தீனில் நிலைத்தது; ஜெர்மானியத்தில் ‘ஃப’ ஆனது, பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கின் ‘ஃபதர்’ போல. கெல்டிக்கிலோ அது அறவே உதிர்ந்துபோனது. பழைய ஐரிஷில் ‘அதிர்’. மீனுக்கும் இதே கதை: ‘பிஸ்கிஸ்’, ‘ஃபிஸ்க்ஸ்’, ‘இயஸ்க்’. கெல்டிக்கில் உதிர்ந்த ஒலி ஜெர்மானியத்தில் இன்னும் ஒலிக்கிறதே, அப்படியானால் அது கெல்டிக்கிலிருந்து எப்படி வந்திருக்கும்?

நெருங்கிப் பழகியதால் கடன் வாங்கல் உண்டு. பேரரசு என்று பொருள்படும் ஜெர்மன் ‘ரைஷ்’ சொல்லின் வேர் அரசனைக் குறித்த கெல்டிக் சொல். இரும்புக்கான சொல்லும் அப்படி வந்ததுதான் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

‘இனம்’ என்பதற்கு வருவோம். கெல்டிக் பேசிய எல்லோரும் தங்களை ஒரே மக்களாக நினைத்ததற்குச் சான்றே கிடையாது. பிறகு ஜெர்மானியரையும் சேர்த்து ஒரே இனம் என்பது எப்படி?