கொமோடோ டிராகனின் பல் இரும்பால் ஆனதா?

"இந்தோனேசியாவின் கொமோடோ டிராகன் என்ற ராட்சதப் பல்லிக்கு முழுக்க இரும்புப் பற்கள், டைனோசர்களுக்கும் அப்படியே" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

2024 ஜூலையில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆரோன் லெபிளாங்க் குழு வெளியிட்ட ஆய்வைத்தான் இப்படித் திரித்திருக்கிறார்கள். எக்ஸ் கதிர் பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரை உமிழும். அதை அளந்தால் பல்லில் இரும்பு எங்கே இருக்கிறது என்று வரைபடமாகவே பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோது, பல்லின் நுனியிலும் ரம்பம் போன்ற விளிம்பிலும் மட்டும் எனாமல் மேல் இரும்பு செறிந்த மெல்லிய ஆரஞ்சுப் பூச்சு தெரிந்தது. உள்ளே இருப்பது மற்ற விலங்குகளுக்கு உள்ளதைப் போன்ற கால்சியம் பாஸ்பேட் பல்தான். அவ்வளவு மெல்லிய அந்தப் பூச்சு விளிம்பின் கூர்மையைக் காக்கிறது என்பது எவ்வளவு அழகான செய்தி! அதைப் போய் ஏன் கெடுக்க வேண்டும்?

டைனோசர் புதைபடிவப் பற்களில் அத்தகைய பூச்சு உறுதியாகவில்லை. பல் புதைபடிவமாகும்போது அதன் வேதியியல் மாறிவிடுவதால் முடிவு சொல்வது கடினம் என்றே ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

'நேச்சர் எக்காலஜி அண்ட் எவல்யூஷன்' இதழில் கட்டுரையை நீங்களே பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.